பேசாப்படத்தில் ஒரு வாக்குமூலம்: மூர்னாவின் 'ஷ்லாஸ் ஃபோகெலோட்'

செருமானியப் பேசாப்படங்கள் என்றவுடன் நினைவில் எழுவன சிலவே. 1920இல் வெளிவந்த 'டாக்டர் கலிகாரியின் அறை', 1922இல் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு', 1927இல் வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' ஆகியவை அறிஞரால் பன்முறை ஆராயப்பெற்றவை. இவற்றின் நிழலில் மறைந்து கிடப்பதொரு படம் 'ஷ்லாஸ் ஃபோகெலோட்'. எஃப். டபிள்யூ. மூர்னாவ் இயக்கிய இது 1921 ஏப்பிரலில் வெளிவந்தது. அவர் புகழுக்கு நிலைக்களனாகிய 'நோஸ்ஃபெராட்டு'வுக்கு ஏறத்தாழ ஓராண்டு முந்தியது. செப்பனிடப்பெற்று டி.வி.டி. வட்டாக வெளிவந்தமையால், இன்று இதனை வீட்டிலிருந்தே காணுதல் எளிதாயிற்று. அவ்வட்டினை இருமுறை கண்டு, எம் உள்ளத்திற் பட்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இப்படத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'பேய் குடிகொண்ட கோட்டை' என்னும் பொருளது. படத்திலோ பேய் இல்லை. செருமன் மொழித் தலைப்பு கோட்டையின் பெயரை மட்டும் கூறி, 'ஒரு மறைபொருளின் வெளிப்பாடு' என்னும் துணைத்தலைப்பைத் தாங்கி நிற்கின்றது. இவ்விரு பெயர்க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. ஆங்கிலப் பெயரை நம்பி வருவோர் இதனை 'நோஸ்ஃபெராட்டு'வுக்கு முன்னோட்டமாகிய ஓர் அரைகுறை முயற்சி என்று கொள்வர். அச்சம் போதாது எனக் குறை கூறி நீங்குவர். அக்குறை பெயரிட்டவரைச் சாரும், படத்தைச் சாராது.

கதை, ருடால்ஃப் ஷ்ட்ராட்ஸ் எழுதிய நாவலைத் தழுவியது. திரைக்கதையை அமைத்தவர், கலிகாரிப் படத்தை எழுதிய இருவருள் ஒருவராகிய கார்ல் மாயர். வேட்டைக்கென ஃபோகெலோட் கோட்டையிற் கூடிய விருந்தினர் மழையால் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றனர். அழையா விருந்தாளியாய் ஓட்ச் பிரபு வந்து சேர்கின்றார். தம் உடன்பிறந்தானைச் சுட்டுக் கொன்றவர் என்று பிறரால் ஐயுறப்படும் மனிதர் அவர். அடுத்து, இறந்தவனின் மனைவியாயிருந்து சாஃபர்ஷ்டெட் பிரபுவை மறுமணம் புரிந்துகொண்ட சீமாட்டி, கணவனுடன் வருகின்றாள். ஓட்ச் அங்கிருப்பதறிந்து உடனே திரும்ப எண்ணியவள், முதற்கணவனின் உறவினராகிய ஃபாராமுண்ட் அடிகள் உரோமையிலிருந்து வரவிருக்கின்றார் எனக் கேட்டுத் தங்குகின்றாள். அடிகளும் வருகின்றார். சீமாட்டி தன் உள்ளத்தை அவரிடம் திறக்கத் தொடங்கி இடையே நிறுத்திவிடுகின்றாள். பின்னர், அடிகள் தம் அறையிலிருந்து மறைந்துபோகின்றார். கோட்டை முழுதும் கலங்குகின்றது.

முடிவைக் கூறாது இப்படத்தைத் திறனாய்தல் இயலாது. அதனை முன்னரே அறிய விரும்பாதார் படத்தைக் கண்டபின் மேலே படிப்பாராக. மீண்டு வந்த அடிகளிடம் சீமாட்டி முழுதும் உரைக்கின்றாள். முதற்கணவன் உலகப் பற்றினைத் துறந்து சமய வாழ்விலேயே தோய்ந்துவிட்டான். அவனுடைய தூய்மையின் சுமை தாங்கமாட்டாது, தீயது ஏதேனும் நிகழ்தல் வேண்டும் என்றொரு வேட்கை அவளுள் எழுந்தது. அதனை அவள் சாஃபர்ஷ்டெட்டிடம் வாய்விட்டுக் கூறினாள். அவனோ அதனைக் கொலைக்குரிய ஏவலாகக் கொண்டு கணவனைச் சுட்டு வீழ்த்தினான். பின்னர், குற்றமே தாலியாக இருவரும் பிணிக்கப்பட்டனர். இவ்வுரை முடிந்தபின் அடிகள் பொய்த்தாடியையும் பொய்ம்மயிரையும் களைகின்றார். அவர் ஓட்ச் பிரபுவே! உண்மை வெளிப்பட்டதும் சாஃபர்ஷ்டெட் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மடிகின்றான்.

பொதுவான மர்மக்கதையில், கொலையாளி இன்னார் என்பதை ஒரு பொருள் காட்டிக்கொடுக்கும்; கைரேகையோ கத்தியோ கடிதமோ அது செய்யும். இங்கு அத்தகைய தடயத்தால் முடிச்சு அவிழவில்லை. ஒரு சொல்லாற் பிறந்த கொலை மற்றொரு சொல்லால் வெளியாகின்றது. அச்சொற்கள் இரண்டும் நம் செவிக்கு எட்டாதவை என்பதே இப்படத்தின் அருமைப்பாடு. பேசாப்படம் எடுப்பவர் ஒருவர் பேச்சையே கதையின் உயிர்நிலையாகக் கொள்ளுதல் துணிவான செயல். எழுத்துப் பலகைகள் உதவுகின்றன என்பது உண்மையே. அவை வேண்டுமளவினும் மிகுதி என்பதும் உண்மை. முதற்பாதியில் அவற்றைப் படித்தே கண் சலிக்கின்றது. ஆயினும் சீமாட்டியாக நடிக்கும் ஓல்கா செக்கோவாவின் முகமும் தோளும் கையும் கூறுவன, பலகைகள் கூறுவனவற்றின் வேறானவை. பலகை கொலையைக் கூறுகின்றது. உடம்போ கொலைக்குப் பின் வாழ்ந்த நாட்களைக் கூறுகின்றது.

உள்ளத்து நிகழ்ச்சி உடம்பின்வழிப் புலனாதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சத்திற்கு அவர் வகுக்கும் நிலைக்களன் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இப்பகுப்பைக் கொண்டு நோக்கின் படத்தின் உள்ளமைப்பு நன்கு விளங்குகின்றது. ஆங்கிலத் தலைப்பு வாக்களிப்பது அணங்கச்சம். கோட்டை விருந்தினர் ஓட்சைக் கண்டு அஞ்சுவது கள்வரச்சம் போன்றது. இவை யாவும் புறத்தேயிருந்து வருவன. சீமாட்டியின் அச்சமோ இறையச்சம். உயர்ந்தோர்முன் நிற்கையில் தன் பிழையைத் தானறிந்தவர்க்கன்றி அஃது எழாது. படம் நம்மை முதலிரண்டு அச்சங்களிலும் அலையவிட்டு, ஈற்றில் நான்காவதன்கண் நிறுத்துகின்றது.

விலங்கச்சமும் ஓரிடத்தில் உளது. யூலியஸ் ஃபால்கென்ஸ்டைன் நடிக்கும் கோழை விருந்தினர் துயில்கையில், நீண்ட நகங்களையுடைய கையொன்று சாளரத்தின் வழியே நீண்டு அவரைப் பற்றி இழுப்பதாகக் கனவு காண்கின்றார். 'நோஸ்ஃபெராட்டு'வை அறிந்தோர் இக்கையைக் கண்டவுடன் மகிழ்வர். பலர் இப்படத்திற் போற்றுவதும் இஃதொன்றையே. எமக்கோ, இக்கனவு நகைச்சுவையாகவே அமைந்துள்ளது எனத் தோன்றுகின்றது. ஏனெனில், இதற்கு இணையாக மற்றொரு கனவும் உண்டு. சமையற்காரரிடம் அறை வாங்கிய அடுக்களைச் சிறுவன், கனவில் இனிப்பை உண்டவண்ணம் அவரைத் திருப்பி அறைகின்றான். இவ்விரு கனவும் உள்ளே குற்றமில்லாதார் காண்பன, விழித்தவுடன் நீங்குவன. குற்றமுடையார் கனவு காண்பதாக மூர்னாவ் ஓரிடத்தும் காட்டவில்லை. அவர்கள் விழித்தே இருக்கின்றனர்.

அரங்க அமைப்பினை ஆக்கியவர் ஹெர்மன் வார்ம். கலிகாரிப் படத்தின் கோணல் வீதிகளை வரைந்த மூவருள் ஒருவர். அக்கோணல் இங்கில்லை. சுவர்கள் நேராக நிற்கின்றன. அறைகள் ஒரு செல்வர் வீட்டு அறைகளாகவே உள்ளன. கோட்டையின் புறத்தோற்றம் மட்டும் சிறு மாதிரியுரு என்பது தெளிவாகத் தெரிகின்றது. அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. கொலைக்குப் பிற்பட்ட நிகழ்ச்சியொன்றில், பரந்த வெற்றறையில் சீமாட்டியும் சாஃபர்ஷ்டெட்டும் ஒருவரினின்று ஒருவர் நெடுந்தொலைவில் இருத்தப்பட்டுள்ளனர். இடைப்பட்ட அவ்வெற்றிடமே அவர்தம் இல்லறம். கலிகாரியில் சுவரைக் கோணலாக்கிப் பெற்ற பயனை, இவர் இருவரை அகல நிறுத்தியே பெற்றுவிடுகின்றார். இந்த ஒரு காட்சிக்காகவே வட்டினை நிறுத்திப் பன்முறை நோக்கினோம்.

நிறுத்தியும் மீட்டும் காணும் இவ்வாய்ப்பு 1921இல் அரங்கிற் கண்டோர்க்கு இல்லை. மர்மக்கதைக்கு இவ்வாய்ப்பு பகையன்றோ எனச் சிலர் வினவலாம். மறைவொன்றையே முதலாகக் கொண்ட கதைக்குப் பகையே, இப்படத்திற்கு அன்று. முதன்முறை காண்கையில், உரைக்கும் சீமாட்டியையே கண் நாடுகின்றது. வட்டுடன் சேர்த்த இசையை அடக்கிவிட்டு மறுமுறை கண்டபோது, கேட்கும் அடிகளையே நோக்கினோம். முதன்முறை பொறுமையாகத் தோன்றிய அவ்வசைவின்மை, மறுமுறை பதுங்கியிருப்பவனின் அசைவின்மையாகத் தோன்றியது. மழையால் நின்றுபோன வேட்டை உள்ளறையில் நடைபெறுகின்றது. அதனை அறிந்தவன் ஒருவனே.

இங்குத்தான் எமக்கொரு தடை எழுகின்றது. கத்தோலிக்கர்க்குப் பாவசங்கீர்த்தனத்தில் உரைப்பது வெளிப்படுத்தலாகாத மறை. அதனைக் கேட்பவர் தம் உயிர் போவதாயினும் காத்தல் வேண்டும். ஓட்ச் தம் பழியைத் துடைத்தற்பொருட்டு அம்மறையைத் திருடுகின்றார். அவர் குற்றமற்றவர் என்பது உண்மை. அவர்க்கு வேறு வழியில்லை என்பதும் உண்மையாகலாம். ஆயினும், மனிதரனைவர்க்கும் அஞ்சியவள் ஒருவரை மட்டும் நம்பினாள், அந்நம்பிக்கையே வலையாயிற்று. நீதி கிடைத்ததென்று கோட்டையார் ஆறுதலடைகின்றனர். சாஃபர்ஷ்டெட்டின் சாவினும் எம்மை வருத்தியது அவ்வாறுதலே. ஓட்சாக நடிக்கும் லோதர் மேனர்ட் வெற்றிக்களிப்பின்றித் தாடியைக் களைவது ஒன்றே சிறிது அமைதி தருகின்றது. இயக்குநர் இவ்வினாவை உணர்ந்திலர் எனக் கூறவும் துணியோம். ஏனெனில், எல்லாம் முடிந்தபின், உண்மையான ஃபாராமுண்ட் அடிகள் கோட்டைக்கு வந்து சேர்கின்றார். அவரிடம் உரைத்தற்கென்று அங்கு எவரிடமும் எதுவும் எஞ்சவில்லை.