‘மெயின் ஸ்றீற்’ நாவலில் நகரமும் கிணறும்

ஐக்கிய அமெரிக்காவின் சிறுநகர வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட நாவல்களுள், 1920இல் வெளிவந்த சிங்கிளெயர் லூயிஸின் ‘மெயின் ஸ்றீற்’ அளவுக்குப் பேசப்பட்டவை மிகச் சிலவே. மினசோற்றா மாநிலத்தின் சோக் சென்ரர் என்னும் கிராமப்புறச் சிறுநகரில், 1885இல், வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் லூயிஸ். தாம் வளர்ந்த அவ்வூரையே ‘கோபர் பிறேயிரி’ என்ற கற்பனைப் பெயரில் அவர் பெருமளவுக்குச் சித்திரித்தார் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதொன்று. இந்நாவலை, சிற்றூரின் மந்தத்தனத்துக்கும் படித்த பெண்ணொருத்தியின் இலட்சியத்துக்கும் இடையிலான போராட்டமாக வாசிப்பதே வழக்கம். அவ்வாசிப்பு பிழையானதன்று, ஆயின் போதாதது. நாவல் அதனினும் கூடிய உண்மையைத் தன்னுள் வைத்திருக்கின்றது என்பதே நமது கருத்து.

வைத்தியர் கெனிக்கொற்றை மணந்து ஊருக்கு வரும் கரல், முப்பத்திரண்டு நிமிடங்களில் நகர் முழுவதையும் நடந்து பார்த்து, அதன் அவலட்சணத்தைக் கண்டு துவண்டுபோகிறாள். அதே புகையிரதத்தில் வந்திறங்கிய பண்ணைப் பெண் பியா சோரென்சன், அதே வீதியில் நடந்து வியப்பில் திளைக்கிறாள். அவள் அதுவரை கண்டிருந்த மிகப் பெரிய ஊர் 67 பேரைக் கொண்டது. ஒரு வீதி, இரு பார்வைகள். பார்வையைத் தீர்மானிப்பது பார்ப்பவரின் சமூக நிலையே என்பதை ஆசிரியர் இங்கு மிக நேர்த்தியாகக் காட்டிவிடுகிறார். பின்னர் பியா கரலின் வீட்டுப் பணிப்பெண்ணாகிறாள். அவளுக்கு வாரம் ஆறு டொலர் கொடுப்பது ஊர்ச் சீமாட்டிகளின் கண்டனத்துக்கு உள்ளாகிறது. ஆயினும் நாவல் தொடர்ந்து செல்வது கரலின் பார்வையையே.

இதன் விளைவை ஓரிடத்தில் தெளிவாகக் காணலாம். புல்வெளி நகரங்கள் விவசாயிகளுக்குப் பணிபுரிவதற்காக அன்றி, அவர்களை உண்டு கொழுப்பதற்காகவே உள்ளன என்று நாவல் வெளிப்படையாகவே கூறுகிறது. கோதுமைக்குத் தரமும் விலையும் குறிக்கும் தானியக் களஞ்சியக்காரன், கடன் கொடுக்கும் வங்கியாளன், பொருள் விற்கும் கடைக்காரன் ஆகியோரைக் கொண்ட அமைப்பே நகரம் என்பதை உணர்ந்த வாக்கு இது. ஆனால் அதே மூச்சில் குறை வேறொன்றாகிவிடுகிறது: தலைநகரங்களைப் போல, எடுத்ததற்கு ஈடாகக் கம்பீரமான நிலையான நகரமொன்றையாவது இவை கட்டித் தரவில்லையாம்! அழகிய மாளிகைகள் எழுந்திருந்தால் சுரண்டல் பொறுக்கத்தக்கதாகியிருக்குமா என்று நாம் கேட்காமலிருக்க முடியாது.

வழக்கறிஞர் கை பொலொக் ஊரின் நோய்க்கு ‘கிராம வைரஸ்’ என்று பெயரிடுகிறார். விமர்சகர்கள் விரும்பி எடுத்தாண்ட தொடர் இது. உருவகம் கவர்ச்சியானது, காரணத்தை மறைப்பது. உண்மையான நோயோ நாவலின் வேறோரிடத்தில் வருகிறது. ‘சிவப்பு சுவீடன்காரன்’ எனப்படும் தொழிலாளி மைல்ஸ் பியோன்ஸ்ரமை பியா மணந்துகொள்கிறாள். அவர்கள் எதிர்வீட்டுக் கிணற்றிலேயே தண்ணீர் எடுத்துவந்தனர். சோஷலிசவாதிகள் மற்றவர் தண்ணீரையும் பங்குபோடுபவர்கள் என்று கிணற்றுக்காரன் குத்திக்காட்டுகிறான். பணம் தருகிறேன் என்றாலும் வாங்க மறுக்கிறான். மைல்ஸ் பள்ளத்திலுள்ள மோசமான கிணற்றை நாடுகிறான். பியாவும் குழந்தையும் நெருப்புக்காய்ச்சலில் மடிகின்றனர். கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு ஒருவரைச் சிறுமைப்படுத்துவது யாதென நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அதுவரை பியாவின் வாசலை மிதியாத சீமாட்டிகள் அன்பளிப்புகளுடன் வரும்போது, காலம் கடந்துவிட்டதென்று மைல்ஸ் கதவைச் சாத்துகிறான். பிரேதங்களின் பின்னே அவன் தன்னந்தனியனாக நடந்து போவதை, நோயுற்றிருக்கும் கரல் யன்னலூடாகக் காண்கிறாள். நாவலின் உச்சம் இதுவே என்போம். பல்சாக் தம் சொந்தச் சார்புகளையும் மீறி உண்மையைக் கண்டார் என ஏங்கெல்ஸ் 1888இல் எழுதியது இங்கு நினைவுக்கு வரும்.

எனினும் இவ்வுச்சத்தை நாவல் கடந்து போய்விடுகிறது. 1915இல் வட டக்கோட்டாவில் தோன்றிய ‘கட்சிசாரா லீக்’ என்னும் விவசாயிகள் இயக்கம், தானியக் களஞ்சியங்கள், மாவாலைகள், கடன் வங்கி ஆகியன அரசுடைமையாக வேண்டுமெனக் கோரியது. மினசோற்றாவில் யுத்தகாலத் தேசபக்தியின் பெயரால் அதன் கூட்டங்கள் பல இடங்களில் தடுக்கப்பட்டன. லீக்கின் ஆதரவுடன் 1918இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட முனைந்த மூத்த லிண்ட்பேர்க் கும்பல்களின் தாக்குதலுக்கு முகங்கொடுத்தார். லூயிஸ் இதனை அறியாதவரல்லர். லீக்கின் அமைப்பாளர் ஒருவரை, ஷெரிப் முன்னிற்க வர்த்தகர் கூட்டம் அவமானப்படுத்திச் சரக்குப் புகையிரதத்தில் ஏற்றி விரட்டுவது நாவலிலும் வருகிறது. இதனை நியாயப்படுத்தும் கணவனுடன் சச்சரவிட்டு கரலும் புகையிரதமேறி வாஷிங்டன் செல்கிறாள். நாவல் கரலின் புகையிரதத்தையே பின்தொடர்கிறது. அமைப்பாளர் வந்த காரணமான கோதுமை விலை, அதன்பின் கதையின் மையத்துக்கு மீளவேயில்லை.

நாவலின் பிற்கால வரலாறும் கவனத்துக்குரியது. முதலில் சினங்கொண்ட சோக் சென்ரர், பின்னர் தன் வீதிக்கு லூயிஸின் பெயரைச் சூட்டியது. பாடசாலை விளையாட்டு அணிகளை ‘மெயின் ஸ்றீற்றர்ஸ்’ என்றழைத்தது. 1951இல் ரோமில் இறந்த அவரது அஸ்தியையும் ஏற்றுக்கொண்டது. அவர் வாழ்ந்த வீடு 1968இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. கண்டனம் ஊரின் ரசனையைச் சுட்டதேயன்றி உடைமையைத் தொடவில்லை. ஆதலால் கண்டிக்கப்பட்ட ஊர் கண்டனத்தையே தன் பெருமையாக்கிக்கொள்ள இயன்றது. விவசாயிகளின் கோரிக்கை வேறு வழியிற் சென்றது. வட டக்கோட்டா அரசு வங்கி 1919இல் நிறுவப்பட்டது. கிராண்ட் போர்க்ஸில் அரசு மாவாலையும் களஞ்சியமும் 1922இல் இயங்கத் தொடங்கின. அவை இன்றும் அரசுடைமையாகவே உள்ளன.