கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது? பிரிட்டனின் பயண அனுமதிச் செயலி

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் பிரிட்டனுக்குப் போவதானால், 2025 ஜனவரி 8 முதல் முன்கூட்டியே பயண அனுமதி வாங்கியாக வேண்டும். மலேசியக் கடப்பிதழுக்கும் அதே தேதிதான். விசா வேண்டாம் என்ற சலுகை அப்படியே இருக்கிறது; ஆனால் ‘வரலாம்’ என்ற பதில் விமானம் ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும். 2026 பிப்ரவரி 25 முதல் இதைக் கண்டிப்பாகவே நடைமுறைப்படுத்துகிறார்கள். அனுமதி இல்லாதவரை விமான நிறுவனமே ஏற்றாது. இதற்கான ‘யூகே ஈடிஏ’ செயலியை எங்கள் வீட்டில் எல்லாருக்காகவும் பயன்படுத்தினேன். செயலி நேர்த்தியாகச் செய்யப்பட்டிருக்கிறது. வாங்கும் காசுக்குத் தகுந்த உதவி இருக்கிறதா என்பதில்தான் எனக்கு மனக்குறை.

செயலி முதலில் கடப்பிதழின் படப் பக்கத்தைக் கேமராவில் பிடிக்கச் சொல்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகள்தான் அதற்குத் தேவை. கடப்பிதழைச் சமமான மேசையில் வைத்து, வெளிச்சம் தாளில் பட்டுத் தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் சட்டென்று எடுத்துக்கொள்கிறது. அடுத்தது கடப்பிதழுக்குள் பதித்திருக்கும் சில்லைப் படிப்பது. பலர் தடுமாறும் இடம் இதுதான். கைத்தொலைபேசியைக் கடப்பிதழின் மேல் படுக்கவைத்து அசைக்காமல் பிடிக்க வேண்டும். ஐஃபோனில் சில்லைப் படிக்கும் பகுதி மேல் விளிம்பருகே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகள் பலவற்றில் முதுகின் நடுப்பக்கம். தடித்த உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் சில நொடிதான்.

பிறகு முகம். முன்னால் இருப்பது ஆளா, ஆளின் படமா என்று செயலி பார்க்கிறது. ஒன்பது வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம் இல்லை. “அம்மா, கண்ணாடியக் கழட்டிட்டு நேரா பாருங்க” என்று சொல்லி, சுவரோரம் உட்காரவைத்து எடுத்தேன், சிரமமே இல்லை. விரல் ரேகை கிடையாது, எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் என் மாமா சென்னையிலிருந்து லண்டன் போவதானால் ஆறு மாதப் பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பித்து, விண்ணப்ப மையத்துக்கு நேரில் போய் ரேகை கொடுக்க வேண்டும். அந்த விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. அதை நினைத்துப் பார்த்தால் வீட்டு வரவேற்பறையிலேயே வேலை முடிவது பெரிய வசதி.

கேள்விகள் அதிகமில்லை. முகவரி, வேலை, குற்றத் தண்டனை எதுவும் உண்டா, தீவிரவாதத் தொடர்பு உண்டா என்பது போன்றவை. எல்லாமே ஆங்கிலத்தில். பயணச்சீட்டையோ ஓட்டல் பதிவையோ காட்டச் சொல்வதில்லை. இது நல்ல முடிவு. அனுமதி வரும்வரை சீட்டு வாங்காமல் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருக்கும்படிதான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

சில்லைப் படிக்கும் கட்டத்தை நான் மெச்சுவதற்கு இன்னொரு காரணம் எங்கள் பெயர்கள். இங்கே சிங்கப்பூரில் தமிழர் பலரின் கடப்பிதழில் சொந்தப் பெயர், நடுவில் ‘எஸ்/ஓ’ (மகன்) அல்லது ‘டி/ஓ’ (மகள்), பிறகு அப்பாவின் பெயர் என்று இருக்கும். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. வெளிநாட்டுப் படிவமோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம் என்று கேட்கும். அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவதா, நடுவில் இருக்கும் சாய்கோட்டை என்ன செய்வது என்று பெரியவர்கள் குழம்பிப்போவார்கள். கடப்பிதழின் அடியிலுள்ள இரண்டு வரிகளில் அனைத்துலக விதிப்படி ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் நிரப்புக்குறியும் மட்டுமே வரலாம். சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை. ஆகவே படப் பக்கத்தில் மேலே இருக்கும் பெயரும் கீழே இருக்கும் பெயரும் ஒரே மாதிரி தெரியாது. எல்லைச் சோதனையில் இயந்திரம் படிப்பது கீழே இருப்பதைத்தான். செயலி அதை நேராகவே எடுத்துக்கொள்வதால் தட்டச்சு செய்யும் வேலையும் பிழையும் குறைகின்றன. இணையத்தளத்தில் விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. சில்லைப் படிக்க முடியாத பழைய கைத்தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு அதுதான் கதி. அதில் ஒவ்வோர் எழுத்தையும் கடப்பிதழின் அடிவரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போங்கள். எங்கள் கடப்பிதழ் எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்து வருவதால் பூஜ்யமா ‘ஓ’வா என்ற சந்தேகம் எளிதில் வரும்.

இனி கட்டணம். 2023 நவம்பரில் கத்தார் நாட்டவருக்காக இத்திட்டம் தொடங்கியபோது 10 பவுண்டு. 2025 ஏப்ரல் 9 அன்று அது 16 பவுண்டாக உயர்ந்தது. எங்கள் காசில் ஏறத்தாழ 28 வெள்ளி. அதை 20 ஆக்கும் எண்ணத்தையும் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அனுமதி இரண்டு ஆண்டுக்குச் செல்லும். அதற்குள் கடப்பிதழ் காலாவதியானால் அத்தோடு அனுமதியும் போய்விடும். எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம், ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் வரை தங்கலாம். கைக்குழந்தைக்கும் அதே கட்டணம். ஆளுக்கு 16 பவுண்டு என்று வைத்தாலே நான்கு பேர் குடும்பத்துக்கு 64. கனடா தன் பயண அனுமதிக்கு 7 கனடிய டாலர் வாங்கிக்கொண்டு ஐந்து ஆண்டு தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவரும் அனுமதிக்கு 20 யூரோ என்று அறிவித்திருக்கிறார்கள், ஆனால் 18 வயதுக்குக் கீழ் இலவசம். பிள்ளைகளிடம் முழுக் கட்டணம் வாங்கும் பிரிட்டனின் முறை எனக்கு உடன்பாடில்லை. முகச் சோதனைகூடத் தேவைப்படாத குழந்தைக்குப் பெரியவருக்குரிய தொகை எதற்கு?

ஒரு விஷயத்தில் பிரிட்டனைப் பாராட்ட வேண்டும்: செயலியில் போனாலும் இணையத்தளத்தில் போனாலும் ஒரே விலை. நியூசிலாந்தில் செயலிக்கு 17 நியூசிலாந்து டாலர், இணையத்தளத்துக்கு 23. அதற்கு மேல் சுற்றுப்பயணி வரி 100 டாலர் தனி. ஆஸ்திரேலியா அனுமதிக்குக் கட்டணம் இல்லை என்கிறது, ஆனால் செயலியின் சேவைக்கு 20 ஆஸ்திரேலிய டாலர். விண்ணப்பமும் செயலியில் மட்டுமே. நல்ல கைத்தொலைபேசி இல்லாத முதியவருக்கு அங்கே யாராவது துணைக்கு வேண்டும்.

எனக்கு மனக்குறை என்று சொன்னது கட்டணம் கட்டிய பிறகு வரும் நிலைமையை. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டால் பணம் திரும்பாது. அனுமதி கடப்பிதழ் எண்ணோடு கட்டுண்டது. எண்ணில் ஓர் எழுத்து பிசகினால் அந்த அனுமதியால் பயனில்லை, மறுபடி விண்ணப்பித்து மறுபடி கட்ட வேண்டும். மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது; விசாவுக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவின் ‘எஸ்டா’ பயண அனுமதிக் கட்டணம் 21 டாலராக இருந்த காலத்தில், மறுக்கப்பட்டவரிடம் பரிசீலனைச் செலவாக 4 டாலர் மட்டுமே பிடித்தார்கள். அந்தக் கணக்கு நியாயமானது. பயணமே இல்லையென்று ஆனவரிடம் முழுத் தொகையும் வாங்குவது நியாயமில்லை. அனுப்பிய பிறகு ஒரு மணி நேரம் திருத்தம் செய்ய இடம் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்களின் பணம் மிஞ்சும். இதே பிரிட்டிஷ் உள்துறை 2017இல், வெளிநாட்டிலிருந்து விசா பற்றி மின்னஞ்சலில் கேள்வி கேட்பவரிடம் 5.48 பவுண்டு வாங்கத் தொடங்கியது. உதவியைத் தனிச் சரக்காக விலைபேசும் அந்த மனப்போக்கு மாற வேண்டும். பதில் சொல்லும் செலவும் கட்டணத்துக்குள் அடக்கம் என்பதே சரியான ஏற்பாடு.

உதவி இல்லாத இடத்தில் யார் நுழைகிறார்கள் என்பதை எங்கள் குடும்பத்திலேயே கண்டேன். என் சின்னம்மா தேடுபொறியில் தேடி, மேலே விளம்பரமாக வந்த ஒரு தனியார் தளத்தில் விண்ணப்பித்துவிட்டார். பார்வைக்கு அரசாங்கத் தளம் போலவே இருக்கும். அதிகாரபூர்வக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது, சின்னம்மா எழுதிய விவரங்களை உண்மையான படிவத்தில் திரும்ப எழுதியதுதான். ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, “இருபத்து நாலு மணி நேரமும் ஆள் பேசுவாங்கன்னு போட்டிருந்துச்சுப்பா” என்றார். ஆங்கிலப் படிவம் பயமுறுத்தும்போது, தவறினால் பணம் போய்விடும் என்று தெரியும்போது, பேச ஓர் ஆள் இருக்கிறார் என்ற வாக்குறுதிக்கு மதிப்பு அதிகம். அரசாங்கம் அதைக் கொடுத்திருந்தால் அந்தத் தளங்களில் பாதிக்கு மேல் வாடிக்கையாளர் இருக்க மாட்டார்கள். பணம் மட்டும் போவதில்லை; கடப்பிதழின் படமும் முகப்படமும் முன்பின் தெரியாதவர் கையில் போய்ச் சேர்கின்றன.

அதனால் முகவரியைப் பாருங்கள். பிரிட்டனுக்கு ‘கவ் டாட் யூகே’ தளம், அமெரிக்காவுக்கு ‘டாட் கவ்’ என்று முடியும் தளம், கனடாவுக்கு ‘கனடா டாட் சிஏ’. செயலியென்றால் அந்தத் தளத்தில் இருக்கும் இணைப்பைத் தட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுங்கள். முகச் சோதனைக்கு எப்படியும் அவர்கள் கூட இருந்தாக வேண்டும்.

எனக்கு வந்த பதிலில் 16 இலக்க எண் ஒன்று இருந்தது. அதை அச்செடுக்க வேண்டியதில்லை, கடப்பிதழோடு இணைந்துவிடுகிறது. பதில் விரைவாகவே வரலாம் என்றாலும் குறைந்தது மூன்று வேலை நாள் இடைவெளி விட்டு விண்ணப்பியுங்கள்.

கட்டுவதற்கு முன் கடப்பிதழ் காலாவதியாகும் தேதியையும் பாருங்கள். 2021 அக்டோபருக்கு முன் எடுத்த சிங்கப்பூர்க் கடப்பிதழ்கள் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகுதான் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பத்து ஆண்டு. பழையது இன்னும் சில மாதத்தில் முடியப்போகிறது என்றால் முதலில் புதியதை எடுத்துவிட்டு, பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள்.