மரணத்திற்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே

மறுமை என்றதும் மோட்சமும் நரகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் திருச்சபைகள் நூற்றாண்டுக்கணக்கில் ஓயாமல் வாதாடிய கேள்வி வேறு: இறந்த நாளுக்கும் இறுதித் தீர்ப்பு நாளுக்கும் இடையே ஆன்மா எந்த நிலையில் இருக்கிறது?

381இல் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கத்தோடு இணைத்து வழங்கும் நிசேயா விசுவாசப் பிரமாணம் மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் வரவிருக்கும் வாழ்வையும் அறிக்கையிடுகிறது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், சீர்திருத்த சபையாரில் பெரும்பாலோர் ஆகிய எல்லோருக்கும் இது பொது. இடைப்பட்ட காலத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் மரபுகள் கிளைத்தன.

பாரசீகத்தில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிரியத் துறவி அப்ராகாத், இறந்தோர் உறங்குகிறார்கள் என்றார். விடியலை எதிர்நோக்கும் நல்ல ஊழியனைப் போல நீதிமான் நிம்மதியாகத் தூங்குவான். தண்டனைக்கு அஞ்சும் ஊழியனைப் போலத் தீயவன் புரண்டு தவிப்பான்.

மேற்கே இக்கேள்வி ஒரு போப்பாண்டவரையே சிக்கலில் மாட்டியது. தீர்ப்பு நாள் வரை புனிதர்கள்கூடக் கடவுளை முகமுகமாய்த் தரிசிப்பதில்லை என்று 22ஆம் யோவான் 1331இல் அவிஞ்ஞோனில் பிரசங்கித்தார். பாரிஸ் இறையியலார் எதிர்த்தனர். 1334இல் மரணப் படுக்கையில் அவர் அக்கருத்தைக் கைவிட்டார். தூய்மை பெற்ற ஆன்மாக்கள் தீர்ப்பு நாளுக்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று 1336இல் அடுத்த போப்பாண்டவர் 12ஆம் பெனடிக்ட் வரையறுத்தார். தூய்மை நிறைவுபெறாதோருக்கு உத்தரிக்கிற ஸ்தலம். லியோன் (1274), புளோரன்ஸ் (1439), திரெந்து (1563) சங்கங்கள் இதை உறுதிசெய்தன. பூசையும் செபமும் தர்மமும் அந்த ஆன்மாக்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையில்தான் தமிழ்க் கத்தோலிக்கர் நவம்பர் 2இல் கல்லறைகளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகிறார்கள். அதே திரெந்து சங்கம், இதன் பெயரால் மூடநம்பிக்கையும் பணம் பறிப்பும் கூடாது என்று ஆயர்களை எச்சரித்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இறந்தோருக்காக 3, 9, 40ஆம் நாள்களில் மன்றாடுகிறார்கள். சுத்திகரிக்கும் நெருப்பை மட்டும் ஏற்பதில்லை. புளோரன்ஸ் சங்கத்தின் ஒன்றிப்பு ஆணையில் ஆர்த்தடாக்ஸ் பேராயர் எபேசு மாற்கு கையெழுத்திட மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517இல் லூத்தர் தொடங்கிய போராட்டம், பிற்பாடு உத்தரிக்கிற ஸ்தலத்தையே மறுப்பதில் முடிந்தது. இறந்தோரின் நிலையை உறக்கமாக லூத்தர் பல இடங்களில் பேசினார். கால்வினோ ஆன்ம உறக்கத்தை மறுத்துத் தனி நூலே எழுதினார். மோட்சம், நரகம் தவிர மூன்றாம் இடம் வேதத்தில் இல்லை என்று கால்வின் மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை வரையறுத்தது. 1863இல் அமைப்பான ஏழாம் நாள் அட்வெந்து சபையோ, உயிர்த்தெழுதல் வரை இறந்தோருக்கு உணர்வே இல்லை என்கிறது.

எல்லோர் கையிலும் வேத ஆதாரம் உண்டு. சிலுவையில் மனந்திரும்பிய கள்ளனுக்கு இயேசு அன்றே பரதீசை வாக்களித்ததை ஒரு சாரார் காட்டுவர். நித்திரையடைந்தோரைப் பற்றித் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதை மறு சாரார் காட்டுவர். இறந்தோருக்காகப் பலி செலுத்திய யூதா மக்கபேயுவைக் கத்தோலிக்கர் காட்டுவர். அவர் கதை வரும் நூலைச் சீர்திருத்த சபையார் வேதத்தோடு சேர்ப்பதில்லை.

எந்தப் போதனைக்கும் உரைகல் ஒன்றே: சரீர உயிர்த்தெழுதலுக்கு அது இடம் தருகிறதா? ஆன்மா மோட்சம் சேர்ந்ததோடு எல்லாம் முடிந்ததென்று பேசும் அடக்க ஆராதனைப் பிரசங்கம் பாதியைத்தான் சொல்கிறது. நம் போதகர்கள் மீதிப் பாதியையும் கல்லறையருகே சொல்ல வேண்டும்.