ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்களா?

டிசாஸ்டர் ரெக்கவரி பிளானைச் சோதிக்கும் முறைகள் என்று எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு ஏணி இருக்கும். செக்லிஸ்ட் சரிபார்ப்பு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பார்ப்பது, ஒத்திகை, மாற்று சிஸ்டத்தை இணையாக ஓட்டுவது, கடைசிப் படியில் முதன்மை சிஸ்டத்தையே நிறுத்திவிட்டு மாறுவது. ஏணி தப்பில்லை. முதல் இரண்டு படிகளையும் 'சோதனை' கணக்கில் சேர்ப்பதுதான் எனக்கு உதைக்கிறது. பெரும்பாலான ஆபீஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

கிட்லேப் கதையை எடுத்துக்கொள்வோம். 2017 ஜனவரி 31 இரவு, ஒரு இன்ஜினியர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. சுதாரிப்பதற்குள் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் எங்கே? எஸ்3 பக்கெட் காலி! டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்க ஓடியதோ 9.2-வின் பிஜி_டம்ப். அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் மெயில்களும் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை.

இதே பிளானை மேஜையில் வைத்துப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பேக்கப்?" "எஸ்3-ல இருக்கு சார்." டிக். முடிந்தது.

காப்பாற்றியது எது என்பதுதான் இன்னும் சுவாரசியம். ஸ்டேஜிங்கில் வேறொரு வேலைக்காக, ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட். ஸ்டேஜிங்குக்காக அந்த வழி தினமும் பழக்கத்தில் இருந்தது. ஆனாலும் அங்கிருந்த டிஸ்க் மெதுவானது என்பதால் காப்பி பண்ணவே சுமார் 18 மணி நேரம். இந்த எண்ணை எந்த மீட்டிங்கும் சொல்லியிருக்காது.

மேஜைப் பேச்சு வீண் என்று சொல்லவில்லை. யார் யாரைக் கூப்பிடணும், யார் முடிவெடுக்கணும் என்பது அதில்தான் தெரியும். கிட்லேப்பிலும் பேக்கப்பைச் சோதிக்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை என்று அவர்களே பிறகு எழுதினார்கள். "ரீஸ்டோர் பண்ணிப் பார்ப்பது யார்?" என்று கேட்டிருந்தால் அறையில் விழும் மௌனமே பதிலாக இருந்திருக்கும். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2006-ல் வெளியிட்ட 800-84 வழிகாட்டியும் இதைப் பயிற்சி என்றே வகைப்படுத்துகிறது. சோதனை என்பது அதில் தனி. நம்மாட்கள்தான் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு டிக் அடிக்கிறார்கள்.

லைவ் சிஸ்டத்தை நிறுத்துவது எல்லோராலும் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாராவாரம் பேக்கப்பை ஒரு காலி மெஷினில் ஏற்றி, டேபிள்களில் எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் போதும். ஆடிட் படிவத்தில் "டிஆர் டெஸ்ட் நடந்ததா: ஆம்/இல்லை" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, கடைசியாக ரீஸ்டோர் செய்த தேதி, ஆன நேரம் என்று இரண்டு கட்டங்கள் வைக்கலாம்.