வினைமுதல் இல்லாத வாக்கியம்

மேடைத் தமிழைப் புதுக்கவிதை போதுமான அளவு கேலி செய்தாயிற்று. ஞானக்கூத்தனுக்குப் பிறகு அதில் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. ஆனால் தினமும் நம்மை வந்தடைகிற இன்னொரு தமிழ் விமர்சனத்தின் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறது. அது செய்திக்குறிப்பின் தமிழ். அலுவலகமோ கம்பெனியோ எழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப, பெரும்பாலும் அப்படியே அச்சேறிவிடுகிறது. மக்கள் தொடர்புப் பாடத்தில் அதை எழுதக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

வடிவம் என்று பார்த்தால் கறாரான வடிவம்தான். முக்கியமானது முதலில் வரவேண்டும். இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் கீழிருந்து வெட்டுவார். எங்கே வெட்டினாலும் மிஞ்சியது தனித்து நிற்கவேண்டும். அடைமொழி கூடாது. கவிதை எழுதுகிறவனுக்கு இவை அந்நியமான கட்டுப்பாடுகள் அல்ல. சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

2022 ஜூலை 3ந் தேதி காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கோடு சிகிச்சைக்கு வந்திருந்தார்கள். சிலருக்குக் காலரா என்று தெரிந்தது. பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். அரசு இருப்பது புதுச்சேரியில், சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, நடுவில் தமிழ்நாடு. எங்களுக்கு அரசின் குரல் பெரும்பாலும் குறிப்பாகத்தான் வந்து சேரும். இந்த நிகழ்ச்சியை வைத்து ஒரு குறிப்பு எழுதி வரச் சொன்னார் ஆசிரியர்.

எழுதினேன். முதல் வாக்கியம் இப்படி: 'காரைக்கால் பகுதியில் ஏற்பட்டுள்ள வயிற்றுப்போக்கு பாதிப்பைத் தொடர்ந்து, பொதுமக்கள் நலன் கருதி, போர்க்கால அடிப்படையில் தடுப்பு நடவடிக்கைகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன.' காய்ச்சிய தண்ணீர் நான்காவது பாராவில் வந்தது. பூவத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இதை வாசித்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா குடத்தோடு நின்றிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, 'ஏன் தம்பி, அப்ப இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா?' என்றார்.

இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் பின்னால் எந்த வகுப்பிலும் கேட்கவில்லை.

கோளாறு எங்கே? பாடப்புத்தகம் ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் செய்தவன் முதலிலும் செய்த காரியம் அடுத்தும் வந்துவிடும்; யார், என்ன, எங்கே, எப்போது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கலாம். தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதே அடைப்பை இங்கே செய்தால், என்ன நடந்தது என்று தெரிவதற்குள் வாசகன் ஏழெட்டு எச்சங்களைத் தாண்டியாகவேண்டும். ஆங்கிலத்தில் தலையில் இருப்பது தமிழில் வாலுக்குப் போய்விடுகிறது. ஒன்றை மூன்றாக உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இது தொழில்நுட்ப விஷயம். இதைவிட ஆழமானது வினைமுதல் பற்றியது. 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' வேண்டாம், விகுதியே சொல்லிவிடும். தோன்றா எழுவாய் என்று இலக்கணம் இதைச் சொல்கிறது. கவிதைக்கு இது கிடைத்த பெரிய வசதி. 'எடுக்கப்பட்டுள்ளது', 'முடுக்கிவிடப்பட்டுள்ளன' என்னும்போது இதே வசதி நடப்பதாகத் தோன்றும். நடப்பது வேறு. முன்னதில் ஆள் மறைந்து நின்றாலும் இருக்கிறான். பின்னதில் ஆளே இல்லை. முன்னது சிக்கனம், பின்னது தலைமறைவு. நம் குறிப்புகளில் காரியங்கள் செய்யப்படுகின்றன. செய்பவர்களும் செய்யாமல் விட்டவர்களும் கிடையாது.

இந்த வடிவத்துக்குத் தந்தை என்று ஐவி லீயைச் சொல்வார்கள். 1906 அக்டோபர் 28ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரத்தில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் கம்பெனி விபத்தை மூடி மறைக்காமல் தானே விவரம் தரும்படி செய்தவர் அவர். பாடம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. 1914ல் லட்லோவில் சுரங்கத் தொழிலாளர் முகாம் எரிந்து பெண்களும் குழந்தைகளும் மாண்டபின், முதலாளிகளுக்காகத் துண்டறிக்கைகள் எழுதியவரும் இதே லீதான். அவர்கள் கொடுத்த விவரங்களைச் சரிபார்க்கவில்லை என்று அடுத்த வருஷம் விசாரணைக் குழு முன் ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷத்திலும் அவர் கையில் இருந்தது ஒரே வடிவம். வடிவம் யோக்கியதைக்கு உத்தரவாதம் இல்லை என்பது இலக்கியத்திலும் நமக்குத் தெரிந்ததுதான்.

திரும்ப எழுதினேன். 'தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். காரைக்காலில் காலரா இருக்கிறது. வயிற்றுப்போக்கு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.' பெரியம்மா தலையாட்டினார். அப்புறம், 'தண்ணி எப்படிக் கெட்டுச்சு? யாரு பாத்திருக்கணும்?' என்று கேட்டார். அதற்கும் ஒரு வரி சேர்த்தேன்: எந்த அலுவலகம் குழாயைப் பரிசோதிக்கவேண்டும், கடைசியாக எப்போது செய்தது என்று. தேதிக்கு இடம் காலியாக விட்டிருந்தேன்.

ஆசிரியர் படித்துவிட்டு நல்ல மதிப்பெண் போட்டார். கடைசி வரியை மட்டும் பென்சிலால் அடித்து, பக்கத்தில் எழுதினார்: 'சரிதான். ஆனால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.'

அடிக்கப்பட்ட அந்த வரியில்தான் வினைமுதல் இருந்தது.