கலைக்கூடத்தின் வாயில்

கலைக் கண்காட்சி என்றதும், அது நமக்குரிய இடம் அன்று என ஒதுங்கும் போக்கு நம்மவரிடையே இன்றும் உண்டு. உருவங்கள் குறித்த மார்க்கப் பேணுதல் ஒரு காரணம். நவீனக் கலை விளங்காது என்னும் எண்ணம் மற்றொரு காரணம். 2016 டிசம்பரில் தொடங்கி 2017 மார்ச் வரை நடைபெற்ற கொச்சி முசிரிஸ் பினாலே இவ்விரண்டையும் மறுபடி எண்ணிப் பார்க்க வைக்கிறது.

அக்கண்காட்சியைத் தொகுத்தளித்த சுதர்சன் ஷெட்டி தாமே ஒரு சிற்பி. ஓவியர், சிற்பியருடன் கவிஞர்களையும் அவர் அழைத்தார். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா, ஆஸ்பின்வால் மாளிகையின் கூடம் ஒன்றில் கடல்நீரைத் தேக்கினார். காண வந்தோர் முழங்கால் நனைய அந்நீரைக் கடந்து, எதிர்ச்சுவரில் எழுதப்பட்டிருந்த சொற்களை அடைந்தனர். 2015 செப்டம்பரில் கடலில் மூழ்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் புகைப்படத்தை உலகம் கண்டது. அவனுடன் இறந்த அண்ணன் காலிபுக்கு அத்தகைய படம் இல்லை. அந்தக் காலிபுக்கே இப்படைப்பு உரித்தாக்கப்பட்டது.

இங்கே உருவம் இல்லை. நீரும் சொல்லும் மட்டுமே உள்ளன. ஸ்லோவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்டேகர் அமைத்த பிரமிடின் இருண்ட வழியிலும், நாடு இழந்த கவிஞர்களின் கவிதைகள் காதுக்கே விருந்தாயின. அவர்களுள் பாலஸ்தீனத்தின் மஹ்மூத் தர்வேஷும் ஒருவர். எழுத்தையும் ஓதும் குரலையும் கலையாகப் போற்றிய மரபினரான நமக்கு இவ்வாயில் அந்நியமானது அன்று.

ஷெட்டியின் அணுகுமுறையில் நாம் மதிப்பது இதுவே: பார்வையாளரின் அறிவைச் சோதிக்கும் முன் அவருடைய காலையும் காதையும் அவர் நம்பினார். ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நீரின் குளிர்ச்சி யாவர்க்கும் பொது. காலிபின் பெயரோ சுவரைப் படிக்கத் தெரிந்தவருக்கே கிட்டும். படிக்க இயலாதவர் ஈரக் காலுடன் திரும்புவார். துயரம் யாருடையது என அறியார்.

புதுக்கோட்டை மாவட்டத்தாராகிய நமக்கு இக்குறை புதிதன்று. சித்தன்னவாசலின் விதானத்தில் தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. அண்ணாந்து பார்ப்போர் பலர். அது சமணர் சமவசரணத்தைச் சார்ந்த காட்சி என விளக்கம் பெற்றுத் திரும்புவோர் சிலரே. ஆசிரியரின் வாய்வழிக் கேளாமல் நூலைக் கற்றதாகக் கொள்வதில்லை என்பது மதரஸாக்களின் நெடுநாள் நெறி. கலைக்கூடங்களுக்கும் அது பொருந்தும். வாயிலைத் திறந்தவர் கலைஞர். உள்ளே வருவோரின் மொழியில் எடுத்துச் சொல்லவும் ஒருவர் வேண்டும். அப்பணிக்கு நம் கல்லூரிகளின் மாணவர்கள் முன்வரலாகாதா?