வெள்ளக் கதையும் மறைநூற் பற்றும்

மறைநூலுக்கும் பழம்புராணக் கதைகளுக்கும் உறவு காட்டும் ஆராய்ச்சி எழுந்துழியெல்லாம் சமயப் பற்றுடையார் உள்ளம் கலங்குதல் இயல்பு. அக்கலக்கத்திற்கு உரிய விடை யாது என்பதை ஆதியாகமத்து வெள்ளக் கதையைக் கொண்டு ஈண்டு நாம் ஆராய்வோம்.

நினிவே நகரிற் கிடைத்த களிமண் பலகையொன்றில் வெள்ளக் கதை காணப்படுதலை ஜார்ஜ் ஸ்மித் 1872-இல் இலண்டனில் அறிவித்தார். அது கில்காமேசு காப்பியத்தின் 11-ஆம் பலகை. தெய்வ எச்சரிக்கை, மரக்கலம், மலைமேல் தங்குதல், பறவைகளை விடுத்தல், பலியிடுதல் ஆகியன இரண்டிலும் உள. 1902-இல் பெர்லினிற் சொற்பொழிவாற்றிய பிரீட்ரிக் டெலிட்ஸ், விவிலியக் கருத்துகள் பலவற்றிற்குப் பாபிலோனியாவே ஊற்று என்றார்.

பாபிலோனியரே எபிரேயரிடமிருந்து கதையைப் பெற்றிருத்தல் கூடும் என விடையிறுப்பாரும் உளர். இவ்விடை நில்லாது. வெள்ளக் கதை கூறும் அத்ரகாசிசு காப்பியத்திற்குக் கி.மு. 17-ஆம் நூற்றாண்டுப் படிகள் உள்ளன. எபிரேய மொழியில் அத்துணைப் பழைய எழுத்துச் சான்று இல்லை. பற்றின் பொருட்டுச் சான்றை மறுத்தல் பற்றுக்கே இழுக்காம்.

ஆயினும், கதை ஒத்தமையாற் கருத்தும் ஒத்தது எனல் பொருந்துமோ? அத்ரகாசிசில் மாந்தரின் ஆரவாரம் உறக்கத்தைக் கெடுத்தமையால் என்லில் என்னும் தெய்வம் அழிவை விழைகின்றது. ஆதியாகமத்தில் மாந்தரின் கொடுமையே காரணம். பலியின் மணத்தை நுகர்தல் இரண்டிலும் உண்டு. கில்காமேசில் தெய்வங்கள் ஈக்களைப்போல் மொய்க்கின்றன. ஆதியாகமத்திலோ இறைவன் இனி உயிர்களை இவ்வாறு அழிப்பதில்லை என உறுதி பூணுகிறார். உத்நபிஷ்டிம் சாவாமை பெறுகின்றான்; நோவா முதிர்ந்து இறக்கின்றார். அங்கே ஒருவனுக்குக் கிட்டிய பேறு, இங்கே எல்லா உயிர்க்கும் உரிய உடன்படிக்கையாகின்றது.

வழிநூல் முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. ஈண்டுக் கதைப்போக்கு ஒத்து, முடிபு வேறாகின்றது. ஆகலின், ஆதியாகமத்தை வெறும் படி என ஒதுக்குதல் திறனாய்வு நெறிக்கு ஒவ்வாது. பாபிலோனியத் தொடர்பை ஒப்புக்கொண்டே இவ்வேறுபாட்டை வலியுறுத்தி ஹெர்மன் குன்கெல் 1903-இல் எழுதிய மறுமொழி, இவ்வகையில் நடுநிலை வாய்ந்தது.

இறைவெளிப்பாடு உண்மை என்று நிறுவுதல் திறனாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது; பொய் என்று நிறுவுதலும் அத்தகையதே. இவ்வாராய்ச்சியாற் பற்றுடையார் இழப்பது, தம் கதையே முதற்கதை என்னும் பெருமிதம் ஒன்றே. அக்கதையின்கண் அமைந்த அறம் இழக்கப்படுவதன்று. ஒப்பு நோக்குங்கால் அது மேலும் தெளிவுறுகின்றது என்பதே நம் துணிபு.